ஆவணியில் வந்த பதில்

பிரியமுள்ள சிநேகிதனுக்கு,

இன்று காலை அலிப்பூர் ஆபீசில் உறைக்கு முத்திரை வைக்கச் சேவகன் அரக்கை உருக்கினான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்க் குளத்தில் மடை பழுதாகி, பக்கத்துக் கரையிலும் நீர் கசிகிறது என்று செய்தி வந்தபோது நாம் இருவரும் கல்கத்தாவில் இருந்தோம். நான் குமாஸ்தா, நீ கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறவன். குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் கரையில் மண் சுமக்க வேண்டும். வெளியூரில் இருப்பவன் பதில் ஆளுக்குக் கூலி அனுப்ப வேண்டும். அது நம் ஊர் வழக்கம். அந்த வருஷம் கூலி மட்டும் போதவில்லை, மடைக்குக் கல்லும் சுண்ணாம்பும் வாங்க வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் நம் ஊர்க்காரர் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய்ப் பணம் சேர்த்தாய். மடைக்கு நேர் கீழே இருந்தது உன் வயல். கரை போனால் முதலில் போவது அதுதான். சேர்ந்ததையெல்லாம் என்னிடம் கொடுத்துவைத்தாய். நல்ல பூட்டுள்ள பெட்டி என்னிடம்தான் இருந்தது.

எனக்கோ என் இங்கிலீஷ் மேல் அபார கர்வம். "நாமளே காசு போட்டுக் கெட்டிட்டா சர்க்கார் எதுக்குல கெட்டும்? பொறு, ஒரு மனுவப் போடுவோம்" என்றேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா வங்காளி பாபு படித்துவிட்டு "கூப் பாலோ!", ரொம்ப நன்று, என்று முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். பக்கத்தில் நின்ற நீ சிரித்தாய்.

"ஏல, மனு நல்லாத்தான் இருக்கும். ஆனா வெள்ளத்துக்கு இங்கிலீசு தெரியாதுல."

ஆனாலும் எனக்காகப் பொறுத்துக்கொண்டாய்.

பதில் ஆவணியில் வந்தது. குடிகள் தங்கள் பங்கான மண்வேலையை முதலில் முடிக்கட்டும், பிறகு மடைச் செலவைச் சர்க்கார் யோசிக்கும் என்று நான்கே வரி. நீ பணம் சேர்த்துச் செய்யக் கிளம்பியதைத்தான் சர்க்காரும் செய்யச் சொல்லியிருந்தது. அன்றே மணியார்டர் அனுப்பியிருந்தால் மழைக்கு முன்னால் கரையைப் பலப்படுத்தியிருக்கலாம். நம் பக்கத்தில் ஐப்பசியில்தானே மழை! ஆனால் உன் முகத்தில் மறுபடி அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மனமில்லை. கடிதத்தைப் பெட்டியின் அடியில், நீ சேர்த்த பணத்துக்கும் கீழே வைத்துவிட்டு, முன்னதைவிடக் காரமாக இன்னொரு மனு எழுதினேன்.

அடுத்த ஞாயிறு வந்து கேட்டாய். "இன்னும் வரல" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். துர்கா பூஜைக்குத் தெருவில் கொட்டு முழங்கத் தொடங்கியபோது நீ கொஞ்சம் கடுமையாகவே கேட்டாய்.

"பணத்தையாவது அனுப்பிருவோம்ல. ஐப்பசி பொறக்கப் போவுது."

"ஒரு வாரம் பொறு" என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. கரை உடைந்தது.

உன் வயலில் முழங்காலளவு மணல். வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாய். ஹௌரா ஸ்டேஷனில்தான் அந்தப் பணத்தை உன் கையில் கொடுத்தேன். நான் அழுவதைப் பார்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டாய். "கலங்காதல. சர்க்கார் பதில் போடலன்னா நீ என்ன செய்வ?" ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்டவன் நான், கூஜாவில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

மறு வருஷம் மணலை வாரிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய்.

போன மாதம் உன் மனைவி ஆள் வைத்து எழுதியிருந்தார். "அண்ணாச்சி, வயல்ல மண்ணுதான் கெடக்கு. தீர்வைய மட்டும் விடாமக் கேக்காவ. நீங்கதான் ஒரு மனு எழுதித் தரணும். ஒங்க எழுத்துன்னா சர்க்கார் கேக்கும்னு அவிய கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

எழுதி அனுப்பினேன். இந்த முறை அலங்காரம் எதுவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. ஆவணியில் வந்த பதிலைப் பற்றி அவருக்குத் தனியே ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. மாமா மாதிரிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தான் உன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாராம். உன் வீட்டில் எனக்கு இன்னும் நல்ல பெயர்தான்.