பஸ் நின்ற காலத்தில் நாம் நடந்த வழி

மச்சான்,

நேற்று லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போயிருந்தேன். சுவரோரம் இருந்த எடை மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். மழைக்கால இரும்பு, உள்ளங்கால் சில்லிட்டது. டொக்டர் சின்ன வயசுப் பெண். பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று தெரிந்தது. கொரோனாவுக்கு முந்தின என் பழைய காகிதத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"எப்பிடி ஐயா இவ்வளவு குறைச்சனீங்கள்?"

"நடந்தேன் மிஸ். கொரோனா நேரம் பஸ் ஓடல. அப்ப பழகினது."

"தனியவோ நடந்தனீங்கள்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "இல்ல மிஸ், என்னோட கொண்டக்டர்..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திவிட்டேன். ப்ரசர் பார்க்கும் பட்டியைக் கையில் சுற்றி, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார். நல்லதாய்ப் போயிற்று. அவரிடம் சொல்லாமல் விட்டதை உனக்கே எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை.

ஊரடங்கு போட்ட அன்றைக்கு டயகமயில் இருந்து ஆளே இல்லாத பஸ்ஸை ஓட்டி வந்து, நம் தோட்டத்தில் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு மூணு நாள்தான் மச்சான்" என்றாய். டயரைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. பஸ்ஸுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இடைக்கிடை போய் ஸ்டார்ட் பண்ணுவேன். சத்தத்துக்கு நாய் எழும்பி ஒதுங்கி நிற்கும். எஞ்சினை நிறுத்தியதும், முடிந்துவிட்டதா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுக்கும்.

ஹட்டன் டவுன் பூட்டிக் கிடந்தது, தலவாக்கலை பூட்டிக் கிடந்தது. தோட்டத்து வேலை மட்டும் நிற்கவில்லை. காலையில் வழக்கம் போலப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். பரமேசு முகத்தில் ஒரு துணியைக் கட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். நான் வீட்டில் இருந்தேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் போக நான் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வாரம் தூங்கினேன். பிறகு தின்னத் தொடங்கினேன். தோட்டத்தில் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த கோதுமை மாவு மூட்டையாக மூலையில் இருந்தது. ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, டீவியில் கொரோனாச் செய்தி பார்த்துக்கொண்டே தின்பேன். செய்தி பயமாக இருந்தால் இன்னொரு ரொட்டி. ஏற்கெனவே ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கிற ஆள். ஏப்ரல் முடிவதற்குள் காற்சட்டை பட்டன் பூட்டவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் இருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது.

ஊரடங்குக்கு முன்பே ஒரு டொக்டர் சொல்லியிருந்தார், ரத்தத்தில் சீனியும் கூடுதல், ப்ரசரும் கூடுதல், இப்படியே வந்தால் அடுத்த முறை பஸ் ஓட்ட லாயக்கு என்று கையெழுத்து வைக்க மாட்டேன் என்று. அது உனக்கு மட்டும்தான் தெரியும், வெளியே பெஞ்சில் இருந்தவன் நீதானே.

ஒரு நாள் காலை, பரமேசு படங்கு கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாய். தலையில் அந்தப் பழைய கம்பளிக் குல்லா.

"எந்திரிடா. நடந்துட்டு வருவோம்."

"எங்க நடக்குறது? ரோட்டுக்குப் போனா பொலிஸ் புடிக்கும்."

"ரோட்டுக்கு ஏன் போறோம்? தோட்டத்துக்குள்ளயே சுத்துவோம்."

"நீ குச்சி மாதிரி இருக்க. ஒனக்கு எதுக்குடா நடை?"

"எனக்கு இல்ல. ஒன் லைசன்ஸ் போச்சுன்னா எனக்கும் பஸ் இல்ல. ஒன் வயிறு நம்ம ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து."

பரமேசு சிரித்துவிட்டாள். அவள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எழும்பினேன்.

லயத்தில் இருந்து ஸ்டோர், ஸ்டோரில் இருந்து புள்ளைக்காம்பரா, அங்கே வேலைக்குப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் அழுகிற சத்தம், பிறகு மாதா கோயில் மேடு. அந்த மேட்டில்தான் எனக்கு உயிர் போகும். நீ விடமாட்டாய். பஸ்ஸில் கத்துகிற மாதிரியே, புள்ளைக்காம்பராவைக் கண்டால் "லிந்துலை எறங்கு" என்பாய். மேட்டுக்கு வந்தால் "ஹட்டன் ஏறு, ஏறு, உள்ளுக்குப் போ" என்று என் முதுகைத் தள்ளுவாய். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் மூச்சு வாங்கும், நிற்பேன், நீயும் நிற்பாய். அப்போதெல்லாம் நீ கொஞ்சம் அதிகமாகவே நின்றாய் என்று இப்போது படுகிறது.

கொழுந்தெடுக்கும் பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரித்ததுக்கு அளவே இல்லை. வெறுங்கையோடு ரெண்டு ஆண்கள் காலையிலேயே மலை ஏறி, ஒரு காரியமும் இல்லாமல் இறங்கிப் போவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்.

"எங்கண்ணே போறீங்க?"

"எக்சசைஸ் தங்கச்சி, எக்சசைஸ்."

"எக்சசைசா? இந்தா, இந்தக் கொழுந்துப் பைய தராசுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஒங்களுக்கு எக்சசைஸ், எங்களுக்கு முதுகு மிச்சம்."

நீ உடனே ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டாய். எனக்கும் ஒன்றைச் சுமத்தினார்கள். ஈரக் கொழுந்து என்ன கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆயுசு முழுக்க அதைச் சுமக்கிறவளோடு குடும்பம் நடத்துகிறேன்.

மலையடியில் மூன்று கம்பு நட்டுத் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒரு பெண், "இந்த ரெண்டு பேரையும் நிறுத்துப் பாருங்க கணக்கப்புள்ள, எக்சசைஸ் செஞ்சு கொறஞ்சிருக்காங்களான்னு பாப்போம்" என்றாள். நான் கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கினேன். கம்பு கிரீச்சிட்டது. "தண்ணிக்குக் கழிக்கவா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார். ஈரக் கொழுந்து என்று சொல்லி அவர் தினமும் கழிக்கிற கோபம் எல்லாருக்கும் இருந்தது. அன்றைக்கு அதுவே பகிடியாகி மலையே சிரித்தது.

அடுத்து நீ தொங்கினாய். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். தராசை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பவும் பார்த்தார். சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நீ இறங்கிக் கையை உதறிக்கொண்டு, "அம்புட்டு நடந்திருக்கேன்ல, கொறையாதா?" என்றாய். பரமேசு கொழுந்துப் பையை உதறி மடித்தாள்.

அன்று அந்தியில் அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"அண்ணே நடந்து எளைக்கலங்க. திங்காம எளைக்கிறாரு."

"போடி. தெனமும் கேக்குறேன், சாப்பிட்டேன்னுதானே சொல்றான்."

"சாப்பிட்டவங்க என்னத்த சாப்பிட்டோம்னு சொல்லுவாங்க. சாப்பிடாதவங்கதான் சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லுவாங்க."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாய் வந்து நின்றது. நீ தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லை. உன் வீட்டுக்காரி ரோசலின் ஹட்டனில் வேலை செய்த புடவைக் கடை பூட்டிக் கிடந்தது. தோட்டத்து மா உங்கள் வீட்டுக்கு வரவில்லை. ரெண்டு பெண் பிள்ளைகள்.

அடுத்த நாள் ரொட்டியைச் சுற்றி எடுத்து வந்தேன். கோயில் மேட்டில் உட்கார்ந்ததும் நீட்டினேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"பரமேசு குடுத்தாளா?"

"நான்தான் எடுத்துட்டு வந்தேன். தின்னுடா."

"நடக்கத்தான் கூப்பிட்டேன். சோத்துக்கு வரல."

எழும்பி இறங்கிப் போய்விட்டாய். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் குல்லாவும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பேன். தனியாக ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்பினேன். அதற்கு மேல் கால் போகவில்லை. எத்தனையோ வருஷம் பஸ்ஸில் சண்டை பிடித்திருக்கிறோம், பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு திசையில் நின்றிருக்கிறோம். ஆனால் அடுத்த தடவை பஸ் எடுக்கும் நேரம் வந்தால் நீ ஏறி விசிலடிப்பாய். இப்போது எடுக்க பஸ் இல்லை. கோபம் தீர வழியும் இல்லை.

வழியைக் கண்டுபிடித்தவள் பரமேசு. மழை விட்டு வெயில் அடித்து, மலையில் கொழுந்து முட்டிக்கொண்டு நின்ற நேரம் அது. தூக்க ஆள் போதவில்லை. கணக்கப்பிள்ளையிடம் பேசி, அவர் தோட்டத்துத் துரையிடம் கேட்டு, கைக்காசுக்கு வெளி ஆட்களை எடுக்கலாம் என்று ஆனதும், நேராக உன் வாசலுக்குப் போனாள். ரொட்டியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

"அண்ணே, பொம்பளைங்க முதுகொடிஞ்சு கெடக்கோம். மூட்ட தூக்க ஆள் இல்ல. நீங்க வந்தா ஒதவியா இருக்கும். கணக்கப்புள்ள நாளைக்கே வரச் சொல்றாரு."

நீ, "அவனையும் கூட்டிட்டு வாறேன்" என்றாயாம்.

எனக்குக் கௌரவம் இடித்தது. டிரைவர் மூட்டை தூக்குவதா என்றேன். "ஸ்டியரிங் இல்லாத டிரைவர் வெறும் ஆளுதாண்டா. வா" என்றாய். அவ்வளவுதான், நம் சண்டை தீர்ந்தது.

அந்த வேலைதான் என்னை உருக்கியது. லொறி நிற்கும் இடத்துக்கு மூட்டையோடு இறங்கி, வெறுங்கையோடு ஏறி, மறுபடி இறங்கி. முதல் நாள் முழங்கால் வீங்கி, பரமேசு எண்ணெய் காய்ச்சிப் போட்டாள். பிறகு பழகிவிட்டது. நான் இளைத்துக்கொண்டு வந்தேன், உன் கன்னம் மெல்ல மெல்ல நிரம்பியது. மதியத்தில் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். உன் டப்பாவைத் திறந்து நீ முதன்முதலாக, "இன்னைக்கு ரோசலின் கருவாடு வச்சிருக்கா" என்று சொன்ன அன்று, பரமேசு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு லொறிக்குக் காத்திருந்தபோது கேட்டேன், வயிற்றில் ஒன்றும் இல்லாமல் எதற்கடா என்னை நடக்கக் கூப்பிட்டாய் என்று. சாக்கில் ஒட்டியிருந்த ஒரு கொழுந்தை எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தாய்.

"காலையில புள்ளைங்க சாப்பிடுற நேரம் நான் வீட்ல இருந்தா ரோசலின் எனக்கும் ஒரு பங்கு வைப்பா. ஒன்னைய நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னா கேக்க மாட்டா. ஒன் வயித்தக் கொறைக்கத்தான் போறாருன்னு நெனச்சுக்குவா."

பிறகு, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்த மாதிரி, "ஆனா ஒனக்காகவும்தான்டா" என்றாய்.

லொறி வந்தது. மூட்டை ஏற்றினோம்.

ஊரடங்கு எடுத்து பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாள், நாய்க்குட்டிகளை ஒவ்வொன்றாக நீ தூக்கி ஸ்டோர் தாழ்வாரத்தில் விட்ட பிறகுதான் வண்டியை அசைக்க முடிந்தது. தலவாக்கலையில் ஏறிய ஒரு அம்மா என்னைப் பார்த்து, "டிரைவர் மாறிட்டாரா?" என்று உன்னிடம் கேட்டார். "டிரைவர் அதேதாங்கம்மா. பாதியக் கொழுந்தோட ஸ்டோருக்கு அனுப்பிட்டோம்" என்றாய். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த வருஷம் டொக்டர் கையெழுத்து வைத்தார். வெளியே பெஞ்சில் நீ இருந்தாய்.

அதற்குப் பிறகும் லீவு நாளில் நாம் நடப்பதை விடவில்லை. போன மார்கழியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. செத்த வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள், அவ்வளவு நடந்த மனுஷன், மெலிந்த மனுஷன், அவருக்கா இப்படி என்று. என்னைப் பார்த்தபடியே சிலர் சொன்னார்கள். போக வேண்டியவன் நான் இருக்க நீ போய்விட்டாய் என்று அவர்கள் நினைத்தது எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோசலின்தான் என் கையைப் பிடித்து, "அண்ணே, அவரு ஒங்களோட நடந்துட்டு வந்தா அன்னைக்கு முழுக்க நல்லா இருப்பாரு" என்றாள். அதற்குப் பிறகு என்னை யார் எப்படிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

இப்போது புதுக் கொண்டக்டர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் பரமேசு என்னோடு நடக்க வருகிறாள். வாரம் முழுக்க மலை ஏறுகிறவளுக்கு இது என்ன நடை என்று முதலில் முணுமுணுத்தாள். இப்போது அவள்தான் முதலில் செருப்பை மாட்டுகிறாள்.

எத்தனையோ வருஷம் நாம் ஒரே வண்டியில் போனோம். ஆனால் நான் முன்னால், நீ பின்னால். உன் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். உன் குரல் இந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும், அது எஞ்சினோடு போட்டி போட்டுக் கத்துகிற குரல். கோயில் மேட்டில், பனிக்குள், எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து, மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் நீ பேசுவாயே, அந்தக் குரலை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. நானும் உன்னைப் போலக் கத்தியே பேசிப் பழகினவன். வீட்டிலும் அப்படித்தான் பேசினேன்.

போன வாரம் மேட்டில் ஏறும்போது பரமேசுவிடம் என்னவோ சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளைகளைப் பற்றியோ, கூரைத் தகரத்தைப் பற்றியோ. அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒங்களுக்கு இப்படிக்கூடப் பேச வருமா?" என்றாள்.