கேம்ப் என்றால் என்ன என்று கேட்கிறார்கள்

ஜூன் 4

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வீட்டில் சண்டை போட ஆள் இல்லையே.

இங்கேயே நிரந்தரமாகத் தங்க நான் போட்ட விண்ணப்பத்துக்குக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் சிவில் டிப்ளமோவுக்குக் கூடுதல் ஆதாரம் வேண்டுமாம். மதிப்பெண் பட்டியலில் ‘சர்வே கேம்ப்’ என்று இருக்கிறதே, அது பாடமா, உல்லாசப் பயணமா என்று கேட்கிறார்கள். கூடாரம் போட்டுப் பாட்டுப் பாடினோம் என்று நினைத்துவிட்டார்கள் போல. முதலில் சிரித்தேன், பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். அதைக் கழித்துவிட்டால் என் படிப்பு அரைகுறை. வேலை போகும், பெட்டியைக் கட்டி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அங்கே என்ன செய்தோம் என்று கல்லூரியின் துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும். நாம் படித்த இடத்தில் இப்போது துறைத்தலைவர் நீதானே. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். “நீ முன்னால போ, பின்னாலயே வரேன்” என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிட்ட புருஷனிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

உன்
ஒட்டடைக்குச்சி


ஜூன் 19

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உடனே பதில் போடவில்லை. நான் எழுதாவிட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று மனசு ஆசை காட்டியது. “யார் கேட்டாலும் அன்னிக்கே எழுதித் தருவீங்க, இதுக்கு மட்டும் ஏன் சார் இழுக்கறீங்க?” என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டே விட்டார்.

நேற்று உட்கார்ந்தேன். ‘மாணவர்கள் காலை முதல் மாலை வரை நிலத்தின் ஏற்ற இறக்கங்களை அளந்தனர்’ என்று எழுதினேன். எழுதாமல் விட்டதுதான் அதிகம். மட்டம் பார்க்கிற அந்தப் பழைய லெவல் கருவியின் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியுமே, உன்னை நான் ஒழுங்காகப் பார்த்ததே அப்படித்தான். அளவுகோலைப் பிடித்தபடி வெயிலில் நின்று, “சீக்கிரம் படிச்சுத் தொலைடா, கை கழண்டு போகுது” என்று கத்தினாய். நான் எங்கே கோலைப் பார்த்தேன்? நான் குறித்த அளவுப்படி குளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏற வேண்டும். வாத்தியார் இரண்டு பேரையும் மறுபடி நடக்க விட்டார். நீ திட்டிக்கொண்டே நடந்தாய், எனக்கு அந்த நடை முடியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

கையெழுத்துப் போட மட்டும் மனசு வரவில்லை. ஆனாலும் போட்டு, இன்று காலை கூரியரில் நேராக அவர்களுக்கே அனுப்பிவிட்டேன். ஒரு விடுமுறைக்குக்கூட வராத உன் கோபம் எனக்குத் தெரியும். நீ வர வேண்டும் என்று ஆசைதான். தோற்றுப்போய் வர வேண்டாம்.

உன்
சிடுமூஞ்சி


ஜூலை 27

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

ஏற்றுக்கொண்டார்கள். நிரந்தரமாக இருக்க அனுமதியும் வந்துவிட்டது. அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நான் கோபத்தில் வராமல் இருக்கவில்லை. காகிதம் சரியாகும்வரை இங்கிருந்து வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதை உன்னிடம் சொல்ல வீம்பு. அனுப்பாமல் இருந்தால்தான் வருவேன் என்று நீ நினைத்தாயே, நீ அனுப்பியதால்தான் வர முடிகிறது.

அடுத்த மாதம் வருகிறேன். இங்கே திரும்பி வர டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஒன்றா இரண்டா என்று நேரில் சொல்.

உன்
ஒட்டடைக்குச்சி