சனிக்கிழமை எல்லாப் படகும் வந்துவிடும்

என் செல்ல அண்ணா,

சாஃப்ட்வேரை எப்படி எழுதக்கூடாது என்று கம்ப்யூட்டர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் சொல்லித்தருகிறேன். முதல் பாடமே நீ எழுதியதுதான். கோபித்துக்கொள்ளாதே.

விசைப்படகுகள் கடலுக்குப் போவதையும் திரும்புவதையும் பதிய, மீனவர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாயே, அது. நீ போனபிறகு அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றேன். படகோட்டி வீட்டுப் பிரகாசி அக்கா ஓடிவந்தார்.

"ஏளா ஸ்டெல்லா, அவுக இன்னும் வீடு வந்து சேரலியே! சங்கத்துல கேட்டா, படகு நேத்தே வந்துட்டுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம்!"

சங்கத்துக்கு ஓடினேன். திறந்து பார்த்தால் உன் கைவரிசை. சனிக்கிழமை இரவானால், திரும்பியதாகப் பதியாத படகையெல்லாம் 'வந்துவிட்டது' என்று அதுவே மாற்றிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் யார் கடலில் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாய். அந்தப் படகோ இன்ஜின் நின்று நடுக்கடலில் கிடந்தது. நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் தேடவே ஆள் போனது. மதியத்துக்கு மேல் கட்டி இழுத்துவந்தார்கள். எல்லோருக்கும் உயிர் இருந்தது, மாதா புண்ணியம்.

"யாருக்கா இந்த அறிவாளி?" என்று வகுப்பில் ஒரு பெண் சிரித்தாள்.

"எங்க அண்ணன்ளா" என்றேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பாதிப்பேர் பதிய மறந்துவிடுவார்கள். மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்கெல்லாம் 'படகு திரும்பவில்லை' என்று எச்சரிக்கை போகும். அப்பா வரத் தாமதமானால் அம்மா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நீ, ஒருத்தியும் வீணாகப் பதறக்கூடாது என்று நினைத்தாய். அதை ஒரு வரி எழுதிவைத்திருக்கக் கூடாதா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, அண்ணா?

இப்போது மாற்றிவிட்டேன். பதியாவிட்டால் 'தெரியவில்லை' என்றுதான் காட்டும். போன சனிக்கிழமை ஒரு படகு அப்படிக் காட்டியது. போன் போட்டேன். "வீட்லதாம்ளா சோறு தின்னுக்கிட்டிருக்கேன், நிம்மதியா விடமாட்டியா?" என்று ஏசினார் அந்த அண்ணாச்சி. அந்த ஏச்சைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

உன்னைக் குறைசொல்ல எனக்கு மனசே வரவில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அண்ணன் வந்துருவாம்மா" என்று நானும் கடைசி நாள் வரைக்கும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

கரை சேர்ந்தது தெரியாமல் இனி யாரையும் வந்துவிட்டதாக எழுதமாட்டேன். உன்மேல் சத்தியம்.

இன்னும் வாசலைப் பார்க்கும்
உன் தங்கச்சி ஸ்டெல்லா