சைரன் போடாமல் வாங்க

அன்புள்ள அம்மாவுக்கு,

ஷிஹோ எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நம்ம ஊர் அகிதாவில் பனி கொட்டுகிறதாம், தள்ளிவிடுகிறேன் என்று கூரையில் ஏறாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை, கோபத்தைத் தவிர.

போன வாரம் எங்கள் ஆம்புலன்ஸுக்கு ஒரு அழைப்பு. கணவருக்குப் பேச்சுக் குழறுகிறது, கை தொங்குகிறது என்று ஒரு அம்மாள். "வாங்க, ஆனா சைரன் போடாதீங்க. அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்றாராம். சைரன் இல்லாமல் விரைய எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அலறிக்கொண்டு போய் நின்றால் வீட்டில் ஆளில்லை. வாசலில் வண்டி நிற்கக் கூடாதென்று அந்தம்மாள் கணவரைக் கைத்தாங்கலாக இரண்டு தெரு தள்ளி நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார்! தேடிப் பிடித்தோம். உயிர் தங்கியது, தாமதத்தில் வலது கை செயலிழந்துவிட்டது. அந்தம்மாள் குனிந்து, "உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம், மன்னிச்சிடுங்க" என்கிறார். அதே தெருவில் பல் வலிக்கு எங்களைக் கூப்பிடுகிறவனுக்கு வெட்கமே கிடையாது.

மறுநாள் எங்கள் நிலையத்துக்குப் புகார் வந்தது. எதைப் பற்றி? சைரன் சத்தத்தைப் பற்றி! அதிகாரி எங்களையே மன்னிப்புக் கேட்க வைத்தார்.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். உனக்கு நெஞ்சு வலித்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் காய்கறி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாயாமே, தம்பி சொன்னான். "ஆம்புலன்ஸ்காரங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றாயாம். நான் யாரம்மா?

அழைப்பு வந்துவிட்டது, ஓடுகிறேன். இனி வலித்தால் 119-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஊரே எட்டிப் பார்க்கட்டும்.

உன் ஷிஹோ