மாயவன் கொல்லைக்குப் போகும் பாதை

செட்டிகுளம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. காத்மாண்டு குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் நான் பாடம் நடத்தும்போது நீ எழுந்து, "கடல் இல்லாத நாட்டுக்காரங்க உப்புக்கு என்ன டீச்சர் பண்ணுவாங்க?" என்று கேட்டாய். "பக்கத்து நாட்டுல கேட்டா குடுப்பாங்க, உக்காரு" என்றேன். அந்தப் பதிலின் லட்சணம் இப்போதுதான் தெரிகிறது. என்னிடம் படித்த மாயவனின் வெங்காயக் கொல்லை ரோட்டைத் தொடாது. முன்னால் நம் கொல்லை, அதற்கு முன்னால் அங்கமுத்து கொல்லை, அப்புறம்தான் ரோடு. அறுத்த சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்திருந்தான், மழைக்குள் டிராக்டர் உள்ளே வந்தாக வேண்டும். போன வருடம் ஏரிக்கரையைச் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுபோனதில் பாதி அழுகிவிட்டது. இந்த முறையும் அழுகினால் அவன் மகள் சண்முகப்பிரியாவின் காலேஜ் படிப்பு நின்றுவிடும்.

நம் நாட்டுக்காக நீ உட்காரும் ஆபீஸில் அண்டை நாடுகள் தங்களுக்குள் எழுதும் வியாபார ஒப்பந்தத்தைப் போனில் விளக்கினாயே, அதை நம்பி மூன்று வீட்டையும் உட்காரவைத்தேன். ஒருவர் எல்லைக்குள் ஒருவர் தடையின்றிப் போகலாம், வரலாம் என்பது முதல் வரி. கை தட்டினோம், போட்டோ எடுத்தோம். பிறகு நீ சொன்னபடியே, இதற்கெல்லாம் பொருந்தாது என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தோம். அங்கமுத்து டிராக்டர், மாட்டுவண்டி, சைக்கிள் மூன்றையும் எழுதினார். வழி கேட்டு வந்த மாயவன்கூட வீம்புக்குத் தன் கிணற்றுத் தண்ணீரை எழுதினான். கடைசியில் தடையில்லாமல் போக மிஞ்சியது காக்காய் மட்டும். "அது என்னிக்கு டீச்சர் நம்மளக் கேட்டுட்டுப் போச்சு?" என்றான் மாயவன். "அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைங்க, பேசிக்கலாம்" என்றார் அங்கமுத்து. அப்பா, "உன் மவ ஆபீஸ் மாதிரியேதான் இருக்கு, வடை நல்லாருந்துச்சு" என்றார்.

மேற்கே மேகம் கறுத்தது. அப்போதுதான் என் பட்டியலை நானே படித்தேன். முதல் வரியே, வரப்போரம் நான் வைத்த முருங்கைக்கன்றை டிராக்டர் தொடக்கூடாது என்பது. பாதை அதன் மேல்தான் போகிறது. கன்றைப் பெயர்த்துக் கிணற்றடியில் நட்டுவிட்டு, அந்த வரியை அடித்து அங்கமுத்துவிடம் நீட்டினேன். "என்னைய மட்டும் கெட்டவனாக்கப் பாக்கறீங்களா டீச்சர்?" என்று முனகிக்கொண்டே தன் பட்டியலில் டிராக்டரை அடித்தார். வெங்காயம் ரோடு ஏறி அரைமணியில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளுக்கு இன்னும் தடைதான்.

அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நல்ல பெயரும் நல்ல உடம்புமாக நீ நீடூழி வாழ வேண்டும். உங்கள் அடுத்த கூட்டத்தில் மற்றவர் பட்டியலைப் புரட்டுமுன் நம் நாட்டுப் பட்டியலை எடு, பக்கத்து நாட்டுக்காரருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றை அதிலிருந்து அடித்துப் பார்.

உன் அம்மா,
தனம்