வரிசையை விட்டு விலகிய கப்பல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? கப்பலில் ஏறிவிட்டால் தம்பி என்று ஒருவன் இருப்பதே உனக்கு மறந்துவிடும்.

என் விண்வெளிப் போர்ப் பலகை விளையாட்டு அச்சுக்குப் போகப்போகிறது. ஒரே ஒரு சிக்கல். ஆடுபவர்கள் எல்லோரும் பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்கள் மாதிரி விண்கலங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். அப்போது பீரங்கிகள் பக்கவாட்டில் இருந்தன, சரி. விண்வெளியில் எதிரி தலைக்கு மேலேயும் வருவான், காலுக்குக் கீழேயும் வருவான். வரிசை எதற்கு? கேப்டன் அம்மா சொல்லவும்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

வரிசை பீரங்கிக்காக மட்டும் இல்லைடா. புகையில் தளபதியின் சைகைக் கொடி தெரியாது. முன்னால் போகும் கப்பலைப் பார்த்துப் போனால் போதும். உன் விண்வெளியில் புகை இல்லை. ஆனால் கட்டளை வந்து சேரவே பல நிமிடம் ஆகுமே. அதற்குள் கேப்டன் தானே முடிவெடுக்கலாம் என்று விதி வை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். போன மாதக் கடற்படைப் பயிற்சியில் மூடுபனி. முன்கப்பல் திடீரென நின்றுவிட்டது. கட்டளை வரவில்லை. நான் கப்பலை வரிசையை விட்டுத் திருப்பினேன். மோதாமல் தப்பினோம். ஆனாலும் விசாரணை. "சிக்னல் வந்ததா நெனச்சேன்னு சொல்லிடும்மா, அதோட முடிஞ்சிடும்" என்கிறார் மேலதிகாரி. விசாரணை முடியும்வரை கரையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்; இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உன் விதி ஜெயித்துவிட்டது! மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தோம். கட்டளைக்குக் காத்திருந்த அணி மூன்றிலும் மண்ணைக் கவ்வியது. உன் மூடுபனிக் கதையைப் பெயர் இல்லாமல் விதிப் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன். ஆட வந்தவர்களில் ஒருவர் கடற்படைக்காரர். "யாரு சார் இந்தக் கேப்டன்?" என்றார். "எங்க அக்காதான்" என்றேன், பெருமை தாங்காமல். விதிப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். விசாரணை என்ன ஆயிற்று? உடனே எழுது.

தம்பி

மே 2

தம்பிக்கு,

உன் விதிப் புத்தகம் விசாரணை மேசைமேல் இருந்தது. "இது உங்க கதைதானே?" என்றார்கள். பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வரவில்லை. "ஆமா சார். சிக்னல் வரல. நானாத்தான் திருப்பினேன்" என்றேன்.

கப்பலை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கோப்பு அறையில் ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர்.

உனக்கு மட்டும் என்றுதானேடா எழுதினேன்? உன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த விசாரணை நாற்காலியை விட்டு எழுந்து நிமிர்ந்தே நடந்து வெளியே வந்தேன். அதையும் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் என் கதையை எடுத்துவிடு. விதியை எடுக்காதே. நானாக எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

அக்கா