வயிறு சரியானதும் நின்றுபோன போன்

அன்புச் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், இந்த முறை வயிற்றையும் சேர்த்துத்தான் சௌக்கியம் என்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீ பேசி இரண்டு வாரத்துக்கு மேலாகிறதே. உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, ஏண்டா இப்படி இளைச்சுப்போயிட்டே என்று கேட்டாள். சர்க்கரைக்காக மாவுப் பண்டத்தையெல்லாம் குறைத்துவிட்டேன், டாக்டரைக் கேட்டு என் பெண் போட்டுக்கொடுத்த சாப்பாடு என்று பெருமையாகச் சொன்னேன். அதில் வயிறு பட்ட பாட்டை மட்டும் சொல்லவில்லை, அவள் காதில் போட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

நீ என்னவோ ஒழுங்காகத்தான் சொன்னாய். அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு இதையெல்லாம் விடு என்றாய். நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக ஒரு படி மேலே போய், மண்ணில் முளைப்பது எதுவுமே ஆகாது என்று முடிவுகட்டி, மூன்று வேளையும் முட்டையும் இறைச்சியும் பாலாடைக்கட்டியுமாக இறங்கிவிட்டேன். கீரைக்காரி தெருவில் வந்தால் கடன்காரனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீர் விஷயமோ உனக்கே தெரியும். கார் நிறுத்துமிடத்து வாசலில் அந்தக் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான் ஒருவன். சீட்டைக் கொடுத்து நான் பொத்தானை அழுத்தினால்தான் தடுப்புக் கட்டை மேலே போகும். ஒன்றுக்கு என்று எழுந்து போனால் வண்டிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள், அதனால் கூண்டுக்குள் இருக்கிறவரை தண்ணீரைத் தொடுவதே இல்லை. முன்பு சாப்பாட்டோடு காயும் சாறுமாக ஏதோ உள்ளே போய்க்கொண்டிருந்தது, அதுவும் நின்றதும் வயிறு கல்லாகிவிட்டது.

அப்போதுதான் நீ தினமும் காலையில் கூப்பிட ஆரம்பித்தாய். எடுத்ததும் போச்சாப்பா என்பாய், இல்லைம்மா என்பேன். அப்புறம் நேற்று என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நடந்தாய் என்று விசாரணை நடக்கும், நடுவில் உன் மேனேஜரைத் திட்டுவாய், மாப்பிள்ளை துணி மடிப்பதே இல்லை என்று புலம்புவாய், பஸ் வந்ததும் வைத்துவிடுவாய். உள்ளதைச் சொல்கிறேன், வயிறு இறுகிக் கிடந்த அந்த நாட்களில் மனசு லேசாக இருந்தது. கூண்டில் உட்கார்ந்து நீ சொன்னதையெல்லாம் மறுபடி நினைத்துச் சிரித்துக்கொள்வேன், காரில் வருகிறவர்கள் இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

கடைசியில் நீதான் கண்டுபிடித்தாய். ஒரு நாள் சாப்பாட்டை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லி, ஏம்ப்பா கீரையைக்கூடவா நிறுத்தினே என்று நீ தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அன்று முதல் கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ், ஊறவைத்த ஆளி விதை ஒரு ஸ்பூன், அதோடு தண்ணீர். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே, வெட்கத்தை விட்டு, அங்கே பெருக்குகிற அம்மாவிடம் கூண்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். அந்த அம்மா கண்டிப்போ கண்டிப்பு. முதலாளி காரையே மறித்து, சீட்டு இல்லாம யாரா இருந்தாலும் வெளிய விட மாட்டேன் என்று நிறுத்திவிட்டாள். நான் கால்சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடி வருகிறேன், முதலாளி உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறார். இனிமேல் நீங்க எழுந்து போறப்ப இவங்களே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு காலை எல்லாம் சுகமாக நடந்தது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால் அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. உன் அம்மா இருந்திருந்தால், இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றாவது கேட்டிருப்பாள். நீ கூப்பிட்டதும் போச்சும்மா என்று கத்தினேன். அப்பாடா, இனிமே எனக்குக் கவலை இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாய். மறுநாள் போன் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நேற்று கூண்டில் இருக்கும்போது போன் அடித்ததும் சீட்டுக் கட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தேன், காப்பீடு விற்கிற ஒரு பெண். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா சார் என்று கேட்டாள். பாவி, கேட்டாளே என்று முட்டையிலிருந்து கீரை வரைக்கும் முழுக் கதையும் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே வைத்துவிட்டாள்.

நானே கூப்பிடலாம்தான். எடுத்ததும், என்னாச்சுப்பா, மறுபடியுமா என்று பதறுவாய், ஒன்றுமில்லை என்பேன், ஒன்றுமில்லைன்னா அப்புறம் பேசறேம்ப்பா என்பாய். போகவில்லை என்று ஒரு பொய் சொன்னால் நாளைக்கே கூப்பிடுவாய் என்றும் தோன்றியது. உன்னை வீணாகக் கலங்கவைக்க மனசு வரவில்லை. அதனால் நிஜத்தையே எழுதுகிறேன். வயிறு நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் பொழுது போக மாட்டேன் என்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாத அப்பாவோடும் பேசலாம் சுண்டெலி, பஸ் வருகிறவரை பேசினால் போதும்.

நீயும் நாற்காலியிலேயே பழியாகக் கிடக்காமல் எழுந்து நட, தண்ணீர் குடி, மாப்பிள்ளையையும் கீரை சாப்பிடச் சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

காலையில் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அப்பா